பெயரளவில் போதாது



இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அந்தியோக்கு நகர் ஆயர் புனித இஞ்ஞாசியாரைப் பத்துப் படைவீரர்கள் விலங்கிட்டு உரோமைக்குக் கொண்டுசெல்கிறார்கள். அங்கே கொடிய விலங்குகளுக்கு அவர் இரையாக வேண்டும். வழியில் அவர் எழுதிய ஏழு மடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுள் உரோமைத் திருச்சபைக்கு எழுதியதைப் படித்தால் வியப்பே மிஞ்சும். உங்கள் அன்பினால் என்னை விடுவிக்க முயலாதீர்கள் என்று மன்றாடுகிறார். கிறிஸ்தவன் என்று பெயர் பெற்றால் மட்டும் போதாது, அப்படியே வாழ்ந்தும் காட்ட வேண்டும். அதற்காகச் செபியுங்கள் என்கிறார்.

நம் புனித அருளானந்தரும் அப்படித்தான். 1686-இல் மறவ நாட்டில் சிறையும் சித்திரவதையும் கண்டவர். ஐரோப்பா சென்றபோது போர்த்துக்கல் மன்னர் அங்கேயே தங்கச் சொன்னார். அவரோ திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டுண்டார்.

மருங்காபுரிப் பக்கம் நமக்குச் சிங்கமும் இல்லை, வாளும் இல்லை. மணப்பாறை மாட்டுச் சந்தை இருக்கிறது. முதல் நாள் பால் கறக்காமல் விட்டு, மடியைப் பெரிதாகக் காட்டினால் சில ஆயிரம் கூடக் கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் மாதத்தில் அது சிறிய தொகை அல்ல. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் வாங்குகிறவரும் கடன்பட்டுத்தான் வருகிறார். இரண்டு நாளில் அவருக்கு உண்மை தெரிந்துவிடும். நம் கழுத்தில் கிடந்த செபமாலையைப் பார்த்து, அதை நம்பித்தான் அவர் பணத்தை எண்ணிக் கொடுத்திருப்பார்.