மொட்டை மாடி வெந்நீர்

வெந்நீர்ச் சாதனங்களை நாமே பழுது பார்ப்பது, வீட்டுத் தோட்டத்தில் நாமே ஒரு கொட்டகை போடுவது, இந்த இரண்டையும் பற்றி நேயர்களிடம் பேசச் சொல்லி என்னை அழைத்திருக்கிறார்கள். நம் பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். 1884 ஜனவரி 13 அன்று இங்கே 7.8 டிகிரி வரை குளிர் இறங்கியிருக்கிறது. அந்த அளவுக்குக் குளிர் மறுபடி வரவில்லை. ஆனாலும் மார்கழி, தை விடியற்காலையில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள இங்கே யாருக்கும் மனம் வராது. குளிர்நாடுகளில் வீட்டையே சூடாக்குவார்கள். நமக்குத் தண்ணீர் சூடானால் போதும்.

பழைய வீடுகளில் குளியலறை மூலையில் அடுப்புக்கு மேல் செம்பு அண்டாவைப் பதித்திருப்பார்கள். கன்னடத்தில் அதற்கு ஹண்டே என்று பெயர். தேங்காய் மட்டையும் சுள்ளியும் போட்டு எரித்தால் வீடு முழுக்கக் குளிக்கலாம், புகையும் வீடு முழுக்க வரும். இங்குள்ள இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் ஏ.கே.என். ரெட்டி தொடங்கிய ‘அஸ்திரா’ என்ற பிரிவு, விறகைக் குறைத்து எரிக்கும் அடுப்பை உருவாக்கியது. அந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கொட்டகைக்கு வரும்போது மறுபடி சொல்கிறேன்.

இன்று லிங்கராஜபுரத்திலோ அல்சூரிலோ ஒரு மாடியில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். கண்ணுக்கு எட்டிய வரை சோலார் டேங்குகள்தான். நாட்டிலேயே இவை அதிகம் உள்ள நகரங்களில் நம்முடையது முன்வரிசை. அவற்றைக் கழற்றி, கழுவி, மாட்டுவதுதான் பல வருஷமாக என் தொழில். அதனால் சோலாரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதில் மோட்டார் கிடையாது, மின்சாரம் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும், குளிர்ந்த தண்ணீர் கனத்துக் கீழே இறங்கும். வெயில் இருக்கும் வரை இந்தச் சுற்று தானாக நடந்துகொண்டே இருக்கும். இவ்வளவு எளிமையான ஒரு பொருள் எப்படிக் கெட்டுப்போகும் என்று கேட்பீர்கள். பத்து வீட்டுக்கு நான் போனால், பெரும்பாலான வீடுகளில் பொருள் நன்றாகவே இருக்கும். கெடுத்தது தண்ணீர்.

காவேரித் தண்ணீர் 1974-லிருந்து இந்த ஊருக்கு வருகிறது. அந்தத் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி, புறநகரில் 110 கிராமங்களுக்கு அதைக் கொண்டுபோகிறது. அது இன்னும் எட்டாத வீடுகளுக்கு போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான். லாரியில் வருவதும் பெரும்பாலும் போர்வெல் தண்ணீர்தான். குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை போகலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். போர்வெல் தண்ணீர் பல இடங்களில் 200-ஐ எளிதாகத் தாண்டிவிடும். அதைச் சூடாக்கினால், கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து எங்கே சூடு அதிகமோ அங்கே ஒட்டும். அறுபது டிகிரிக்கு மேல் இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஹொரமாவுப் பக்கம் ஒரு வீடு. புதிதாக மாட்டிய கண்ணாடிக் குழாய் சோலார், வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. “இதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கலாம்னு வீட்டுக்காரர் சொல்றாருங்க” என்றார் அந்த வீட்டு அம்மா. ஒரு குழாயை உருவித் தலைகீழாகச் சாய்த்தேன். கைப்பிடிக் கணக்கில் வெள்ளைத் துகள் கொட்டியது. அந்த அம்மா குனிந்து அதை விரலால் தொட்டுப் பார்த்தார். எல்லாக் குழாயையும் கழுவி மாட்டி, மறுநாள் பகல் முழுக்க வெயில் காய்ந்த பிறகு, “தண்ணி கை வைக்க முடியலைங்க” என்று போன் வந்தது. புதிதாக எதுவும் வாங்கவில்லை.

இதை நீங்களே செய்யலாம் நேயர்களே. அதிகாலையிலோ, வெயில் தாழ்ந்த பிறகோ செய்யுங்கள். உச்சி வெயிலில் தண்ணீர் இல்லாமல் கிடக்கும் கண்ணாடிக் குழாய் உள்ளே இருநூறு டிகிரிக்கு மேல் சூடேறும், அதில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். டேங்குக்குத் தண்ணீர் வரும் வால்வை மூடி, தண்ணீரை வடியுங்கள். உள்ளே இருப்பது கொதிநீராக இருக்கலாம், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள். குழாயை மெல்லத் திருகியபடி மேலே தள்ளினால் அடிப்பக்கம் தாங்கியிலிருந்து விடுபடும், பிறகு கீழே இழுத்தால் வந்துவிடும். துகளைக் கொட்டிவிட்டு, எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி ராத்திரி முழுக்க நிழலில் நிறுத்திவையுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே எலுமிச்சை உப்புதான். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டாம், அது டேங்கின் உலோகத்தை அரிக்கும், அதன் ஆவி நெஞ்சை அடைக்கும். காலையில் மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து அலசி, ரப்பர் வளையத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வெயில் ஏறுவதற்குள் மாட்டுங்கள். மாட்டும் முன் குழாயின் மூடிய நுனியைப் பாருங்கள். அங்கே வெள்ளி போல் மின்ன வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் குழாயின் வெற்றிடம் போய்விட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

முருகேஷ்பாளையாவில் ஒரு பெரியவர், எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் டர்னராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கழுவிய தேதியை டேங்கின் மேலேயே மார்க்கரால் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஊருக்குப் போகும்போது, வீணாகச் சூடேறாதபடி குழாய்களின் மேல் சாக்கு போட்டு மூடிவிட்டுப் போவார். “தம்பி, மெஷின் பேசாது, நாமதான் பார்க்கணும்” என்பார். அவர் வீட்டுக்கு நான் போவது ரிப்பேருக்கு அல்ல, காபிக்குத்தான். அப்படி நூறு வீடு இருந்தால் என் பிழைப்பு குறையும், ஆனாலும் அதைத்தான் விரும்புகிறேன்.

குழாய் சுத்தமாக இருந்தும் வெந்நீர் வரவில்லையா? மேல்நிலைத் தொட்டி ஒருமுறை வற்றியிருக்கும், காற்று உள்ளே போய் அடைத்திருக்கும். 2024 மார்ச்சில் போர்வெல்கள் காய்ந்தபோது இந்தப் புகார்தான் அதிகம் வந்தது. தொட்டியை நிரப்பி, வீட்டுக்குள் உள்ள வெந்நீர்க் குழாய்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும். டேங்கின் உச்சியில் நிற்கும் காற்றுக் குழாயை மட்டும் யாரும் அடைக்கக் கூடாது. அது அடைபட்டால் டேங்கே நசுங்கும்.

மின்சார கீசரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சூட்டை ஐம்பது, ஐம்பத்தைந்தில் வையுங்கள். உள்ளே டேங்கைக் காக்க ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், கரைந்துபோனால் மாற்றச் சொல்லுங்கள். வயரிங்கில் கை வைப்பது தெரிந்தவர் வேலை. கேஸ் கீசரைப் பற்றிக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மூடிய குளியலறைக்குள் அதை மாட்டாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இந்த ஊரிலேயே உயிர்கள் போயிருக்கின்றன. சாதனம் வெளியே, காற்றோட்டத்தில் இருக்கட்டும்.

நேரம் முடிகிறது என்று எதிரே கைகாட்டுகிறார்கள், கொட்டகைக்கு இரண்டு வார்த்தை. கம்பத்துக்கு மரம் வேண்டாம், கரையான் விடாது. தேவனஹள்ளித் திராட்சைத் தோட்டங்களில் நிற்கும் கல்தூண்களைப் பார்த்திருப்பீர்கள், அதையே வாங்கி இரண்டடி ஆழத்தில் நடுங்கள். சுவருக்கு, அஸ்திராவில் கே.எஸ். ஜகதீஷ் போன்றவர்கள் வளர்த்தெடுத்த அழுத்திய மண்கட்டி இருக்கிறது. செம்மண், மணல், ஏழு சதவீதம் அளவுக்கு சிமெண்ட், கையால் அழுத்தும் ஒரு இயந்திரம், பிறகு மூன்று நான்கு வாரம் ஈரச்சாக்கில் பதப்படுத்தல். சூளையும் வேண்டாம், விறகும் வேண்டாம். கூரைக்கு ஆஸ்பெஸ்டாஸ் வேண்டாம், துளை போடும்போது பறக்கும் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தகர ஷீட் போதும். துளையை அலையின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் ஒழுகும். சித்திரை, வைகாசிக் காற்று ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போகும், கொக்கி போல்ட்டையும் ரப்பர் வாஷரையும் கஞ்சத்தனம் இல்லாமல் போடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடிக்குப் போய் ஒரே ஒரு குழாயையாவது உருவிப் பாருங்கள். இந்த மார்கழியில் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் நல்ல வெந்நீர் கிடைக்கட்டும்.