மலையேறும் துவிச்சக்கர வண்டி



தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக நானுஓயாவை நோக்கிச் செல்வோர், நெடுஞ்சாலையின் இருமருங்கும் தேயிலை மலைகளுக்குள் பிரிந்து செல்லும் சரளைப் பாதைகளைக் காண்பர். கொழுந்து லொறிகள் செல்வதற்காக வெட்டப்பெற்ற பாதைகள் அவை. இத்தகைய பாதைகளில் துவிச்சக்கர வண்டிப் பந்தயம் நடத்துவது இன்று பல நாடுகளில் பரவிவரும் விளையாட்டாகும். 2022ஆம் ஆண்டு முதல் சரளைப் பாதைப் பந்தயத்துக்கென உலக சம்பியன்ஷிப் போட்டியே நடைபெறுகிறது. அமெரிக்காவின் லெட்வில் நகரில் 1994இல் தொடங்கிய 100 மைல் மலைப் பந்தயம் 12,000 அடிக்கும் மேலே ஏறித் திரும்புகிறது. தமிழகத்தின் நீலகிரியில் 2008இல் தொடங்கிய துவிச்சக்கர வண்டிப் பயணத்திலே, 36 கொண்டையூசி வளைவுகள் கொண்ட கல்லட்டி ஏற்றமே வீரர்களின் உரைகல்லாகக் கருதப்படுகிறது.

இத்தகைய போட்டிக்கு ஆயத்தம் செய்யும் இளைஞன் காற்று, ஏற்றம், இறக்கம் ஆகிய மூன்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

முதலாவது காற்று. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கே வளியமுக்கம் கடற்கரையில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே. காற்றில் பிராணவாயுவின் விகிதம் மாறுவதில்லை. காற்றே ஐதாகிவிடுவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறது. கொழும்பில் பயின்ற ஓட்டி இங்கே வந்தவுடன் பழைய வேகத்தில் ஏற முனைந்தால் விரைவில் மூச்சிரைத்து நிற்பான். இரண்டு மூன்று வாரங்கள் மலையில் தங்கிப் பழகினால் உடல் பெரும்பாலும் இசைந்துவிடும். லிந்துலையில் பிறந்த பிள்ளைக்கோ அந்த இசைவு பிறப்போடு வந்த சொத்து.

இரண்டாவது ஏற்றம். மலையேறும் கலையைக் கற்க விரும்புவோர் கொழுந்தெடுக்கும் பெண்களைப் பார்த்தாலே போதும். கொழுந்துச் சுமையுடன் செங்குத்தான மலையில் ஏறும்போது அவர்கள் ஓடுவதில்லை, நடுவழியில் நின்றுவிடுவதுமில்லை. மூச்சுக்கும் அடிக்கும் ஒரே சீர். வண்டியோட்டிக்கும் விதி அதுவே. வாயால் ஓரிரு வார்த்தை பேச முடியுமளவு வேகத்தில் ஏற்றத்தைத் தொடங்குவது நன்று. முன்பற்சில்லு சிறிதாகவும் பின்பற்சில்லு பெரிதாகவும் அமைந்தால் மிதி இலேசாகும், முழங்கால் நோகாது. மூன்று மாதமேனும் பயிற்சி தேவை. வாரத்தில் ஒருநாள் நீண்ட மெதுவான ஓட்டம், ஒருநாள் ஒரே மேட்டில் பலமுறை ஏறி இறங்குதல், ஒருநாள் முழு ஓய்வு எனத் திட்டமிடலாம். பந்தயத்துக்கு முந்திய இரு வாரங்களில் பயிற்சியைக் குறைத்தல் நலம். நீண்ட ஓட்டத்தில் பசி எடுக்குமுன் உண்ணுதல் வேண்டும். வாழைப்பழமும் ரொட்டியும் இதற்கு ஏற்றவை.

மூன்றாவது இறக்கம். ஆபத்து அதிலேதான் உண்டு. நானுஓயாவை அடுத்த ரதல்லைச் சரிவில் 2023 ஜனவரியில் நிகழ்ந்த வாகன விபத்தில் ஏழு உயிர்கள் மாண்டதை மலையகம் மறந்திருக்காது. தேய்ந்த பிறேக்குடன் மலையில் இறங்குதல் துணிவாகாது, அறியாமையே ஆகும். மழையில் நனைந்த சரளை வழுக்கும். வளைவுக்குள் நுழையுமுன்னரே வேகத்தைக் குறைத்து, இரு பிறேக்குகளையும் விட்டுவிட்டு மெல்லப் பிடித்தல் வேண்டும். அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் பிடிமானம் மிகும். தலைக்கவசமின்றி இறங்குதல் ஒருபோதும் ஆகாது.

வேறொன்றையும் மறத்தலாகாது. தோட்டப் பாதை பந்தயத் திடலன்று. கொழுந்துக் கூடையோடு வரும் தாயும், பாடசாலைக்குச் செல்லும் சிறுவனும் அதில் நடக்கிறார்கள். மூடுபனி கவியும் பிற்பகலில், வளைவுக்கு அப்பால் அவர்கள் இருப்பது ஓட்டியின் கண்ணுக்குத் தெரியாது.

உயரத்தையும் ஏற்றத்தையும் லிந்துலைப் பிள்ளைகளுக்கு இயற்கை இலவசமாகத் தந்திருக்கிறது. பற்சில்லுகள் பல கொண்ட நல்ல வண்டியோ தோட்டத் தொழிலாளியின் நாட்கூலிக்கு எட்டாதது. பாடசாலைக்கும் வாலிபர் சங்கத்துக்கும் பொதுவாக இரண்டு மூன்று நல்ல வண்டிகள் கிடைப்பின், அவற்றை முறைவைத்துப் பலர் பழகலாம். தேயிலைக்காக வெட்டிய பாதையில், அத்தேயிலையை வளர்த்தோரின் மக்களும் ஒருநாள் முதலாவதாக வந்து நிற்பர்.