லயத்தருகே ஒரு மூங்கில் புதர்

(வீட்டுத்தோட்டக் குழுக்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் கோவா, லீக்ஸ், போஞ்சி பற்றிப் பேசினோம். கூட்டம் முடிந்து எழும்பும்போது ஒரு அக்கா கேட்டார்கள்: "ஐயா, போஞ்சி போடச் சொல்றீங்க, சரி. கம்புக்கு எங்கங்க போறது? காட்டுல வெட்டினா புடிக்கிறாங்க, கடையில வாங்கினா போஞ்சி வித்த காசு கம்புக்கே போயிருது." நியாயமான கேள்வி. அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. அதனால்தான் இன்றைக்கு மூங்கிலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

மூங்கில் நமக்குப் புதிதல்ல. நம் பாட்டிமார் தலைக்கயிறு போட்டுச் சுமந்த கொழுந்துக் கூடை மூங்கில் பிளாச்சில் பின்னியது. பீலியில் தண்ணீர் விழுந்ததே, அந்தப் பீலியும் பல தோட்டங்களில் மூங்கிலைப் பிளந்து வைத்ததுதான். இன்றைக்குக் கூடைக்குப் பதில் நைலோன் பை வந்துவிட்டது, பீலிக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் வந்துவிட்டது. கூடை பின்னத் தெரிந்த தாத்தாமார் ஒவ்வொரு டிவிசனிலும் ஒன்றிரண்டு பேர்தான் இருப்பார்கள். அவர்கள் இருக்கும்போதே பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்வது நல்லது என்பது எங்கள் அபிப்பிராயம்.

மூங்கிலை மரம் என்று நினைக்கிறோம். உண்மையில் அது புல் இனம். மாட்டுக்கு வெட்டுகிற புல்லுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரம் வருஷா வருஷம் பெருக்கும். மூங்கில் அப்படி இல்லை. குருத்து மண்ணைவிட்டு வரும்போதே எவ்வளவு பருமனோ, கடைசிவரைக்கும் அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதத்தில் முழு உயரத்துக்குப் போய்விடும். பிறகு உள்ளே முற்றி வைரம் ஏற மூன்று வருஷம் எடுக்கும். பேராதனைப் பூங்காவுக்குப் போனவர்கள் மகாவலிக் கரையில் இராட்சத மூங்கிலைப் பார்த்திருப்பீர்கள். மழைக் காலத்தில் அதன் குருத்து ஒரு நாளில் ஓர் அடி வரைக்கும் வளரும்.

ஆனால் அந்த இராட்சத மூங்கிலைப் பார்த்து ஆசைப்பட்டு வீட்டுப் பக்கம் கொண்டுவர வேண்டாம். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்தில் நாங்களே மூங்கில் கன்று கொடுத்தோம். லயத்துக்குப் பின்னால் மண் மேடு, மழைக்குக் கரைந்துகொண்டே இருந்தது. மூங்கில் வேர் மண்ணைப் பிடிக்கும், மேட்டு விளிம்பில் நடுங்கள் என்று சொன்னோம். ஆட்களும் நம்பி நட்டார்கள். ஐந்தாறு வருஷத்தில் பெரிய புதராகிவிட்டது. ஒரு அடைமழை இரவில் காற்றும் சேர்ந்து அடித்தபோது, புதர் தன் பாரத்தோடு மேட்டு மண்ணையும் இழுத்துக்கொண்டு ஒரு குசினிக் கூரைமேல் விழுந்தது. அந்த வீட்டார் அன்றைக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார்கள். மறுநாள் நாங்கள் போய் நின்றபோது அந்த வீட்டுப் பாட்டி திட்டவில்லை. "நீங்க சொன்னதத்தான் செஞ்சோம் ஐயா" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும்.

தவறு எங்கே என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். மூங்கில் வேர் ஆழம் போகாது. பெரும்பாலும் மேல் மூன்று நான்கு அடிக்குள் வலைபோலப் பரவும். அதனால் ஆற்றங்கரை, ஓடைக்கரை, மேல்மண் அரிக்கிற இடம் இவற்றுக்கு அது நல்ல காவல். ஆழத்திலிருந்து நகர்கிற மலையை அதால் நிறுத்த முடியாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை நாம் யாரும் மறக்க மாட்டோம். அந்த மாதிரிச் சரிவுக்கு முன்னால் மூங்கிலும் ஒன்றுதான், புல்லும் ஒன்றுதான். வீட்டுக்குப் பின்னால் நிலம் வெடித்தாலோ, சுவர் பிளந்தாலோ, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பினாலோ, மரம் செடி சாய்ந்தாலோ, அங்கே ஒன்றும் நட வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள். பிறகு தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம சேவகருக்கும் அறிவியுங்கள். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரிக்கை விட்டால் "போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க" என்று தூங்கிவிடாதீர்கள்.

சரி, அப்படியானால் எங்கே நடுவது? வீட்டிலிருந்து குறைந்தது முப்பது அடி தள்ளி, வீட்டுக்கு மேல்பக்கம் அல்லாமல் கீழ்ப்பக்கம். மலசலகூடக் குழி, தண்ணீர்க் குழாய், மின்கம்பி இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தேயிலைக்குள்ளும் வேண்டாம், அடியில் உள்ள செடியெல்லாம் மெலிந்துவிடும். ஓடைக்கரையில் சும்மா கிடக்கிற மூலை இருந்தால் அதுதான் மூங்கிலுக்கு வாய்த்த இடம். ஏழு பேர்ச்சஸ் காணியில் வீடு கிடைத்தவர்கள் பெரிய மூங்கில் வைத்தால் மரக்கறிக்கு இடம் மிஞ்சாது. நாலு வீட்டார் சேர்ந்து பொது இடத்தில் ஒரு புதர் வைத்துக்கொள்ளலாம். லயத்து நிலம் தோட்டத்துக்குச் சொந்தம் என்பதால் முதலில் துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ப்பேச்சில் கேட்டு வைத்துவிட்டு, புதிய துரை வந்ததும் வெட்டச் சொன்னார் என்று எங்களிடம் அழுது வந்தவர்கள் உண்டு.

என்ன வகை என்றால், கண்டி, கம்பளை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மஞ்சள் மூங்கில் பொருத்தம். மஞ்சள் தண்டில் பச்சைக் கோடு ஓடும், பார்க்கவே அழகு. நுவரெலியா, கந்தப்பளை போலப் பனி விழும் உயரத்தில் அது சுகமாக வராது. அங்கே வேலிக்கு வைக்கிற மெல்லிய மூங்கில்தான் தாங்கும். பத்துப் பதினைந்து அடி வளரும். போஞ்சிக்கம்புக்கு அதைவிடத் தோதானது வேறில்லை.

விதைக்கு அலைய வேண்டாம். ஒரு வயது, இரண்டு வயதுத் தண்டை அடிக்கிழங்கோடு அலவாங்கு போட்டுப் பிரித்து, மேலே மூன்று அடி விட்டு வெட்டி நடுங்கள். மஞ்சள் மூங்கிலில் இன்னும் சுலபமான வழி உண்டு. மூன்று கணு உள்ள துண்டைப் படுக்கவைத்து மண் மூடி ஈரம் காயாமல் பார்த்தால் கணுவிலிருந்து முளைக்கும். குழி இரண்டடிக்கு இரண்டடி. மாட்டெரு, இலைக்குப்பை போட்டு மூடுங்கள். ஊவாப் பக்கம் ஐப்பசி மழையோடும், மேற்குப் பக்கம் வைகாசி மழையோடும் நட்டால் தண்ணீர் ஊற்றுகிற வேலை மிச்சம். முதல் வருஷம் ஆடு மாடு தின்னாமல் காத்தால் போதும்.

வெட்டுவதில்தான் நம்மவர்கள் பிழை விடுகிறார்கள். கைக்கு எட்டுகிற வெளித்தண்டை வெட்டிவிட்டு உள்ளே முற்றியதை விட்டுவிடுகிறார்கள். புதுக் குருத்து வெளிப்பக்கம்தான் வரும். அதை வெட்டினால் புதர் அழியும். ஒரு பக்கம் வாசல்போலத் திறந்து, உள்ளே போய், மூன்று வயது கடந்ததை வெட்டுங்கள். இளசில் மட்டையும் வெள்ளை மாவும் ஒட்டியிருக்கும், முற்றியதில் பாசி பிடித்திருக்கும். வருஷத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். குருத்து வரும் மழை மாதங்களில் கத்தியே வைக்கக்கூடாது.

தாய்மார் இதைக் கவனமாகக் கேளுங்கள். வெட்டிய அடிக்கட்டை குவளை மாதிரி நின்றால் மழைத்தண்ணீர் தேங்கும். டெங்கு நுளம்புக்கு அது தொட்டில். கணுவுக்குச் சற்று மேலே ஒட்ட வெட்டுங்கள். பள்ளம் இருந்தால் மண்ணைத் திணித்து நிரப்புங்கள்.

பச்சையாக வெட்டிப் பயன்படுத்தினால் ஆறே மாதத்தில் உளுத்து மாவாகக் கொட்டும். தண்டுக்குள் இருக்கும் மாப்பொருளைத் தின்னத்தான் வண்டு வருகிறது. ஓடுகிற தண்ணீரில் கல் வைத்து மூன்று வாரம் ஊறப்போட்டு, நிழலில் காயவைத்தால் அந்தச் சத்துக் கரைந்து போய்விடும். ஊறும் தண்ணீர் நாறும், ஆகையால் குடிதண்ணீர்ப் பீலிக்கு மேலே போட்டு டிவிசன் முழுக்கச் சண்டையை வாங்காதீர்கள்.

போஞ்சிக்கம்பு, கோழிக்கூடு, உடுப்புக் காயப்போடும் கொடிக்கம்பு, மட்டக்கம்பு எல்லாம் இதில் வரும். மெல்லிய பிளாச்சுச் சீவப் பழகிய பிள்ளைகள் வெசாக் மாதத்துக்கு முன்னால் வெசாக் கூட்டுச் சட்டம் செய்து பக்கத்துக் கிராமத்தில் விற்கலாம். சிலர் குருத்தையும் சமைக்கிறார்கள். பச்சையாக ஒருபோதும் தின்னக்கூடாது, அதில் நஞ்சு உண்டு. மெல்லிசாக நறுக்கி, நன்றாக அவித்து, தண்ணீரைக் கொட்டி, மறுபடி அவித்துத்தான் கறி வைக்க வேண்டும். உறுதியாகத் தெரியாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"மூங்கில் பூத்தா பஞ்சம் வருமாமே?" என்று ஒரு தாத்தா கேட்கிறார். அது வெறும் கதை இல்லை தாத்தா. இந்தியாவில் மிசோரம் என்ற மலைநாட்டில் ஒரு வகை மூங்கில் ஏறத்தாழ 48 வருஷத்துக்கு ஒருமுறை காடு முழுக்கப் பூக்கும். விதையைத் தின்று எலி பெருகி, பிறகு வயலில் இறங்கும். 1959இல் அங்கே பெரும் பஞ்சமே வந்தது. நம் மஞ்சள் மூங்கில் பூப்பது மிக அபூர்வம், நீங்கள் பயப்படாதீர்கள்.

வேலையில்லாத சாயங்காலத்தில் மூங்கிலடியில் பலகை போட்டு உட்கார்ந்து பாருங்கள். காற்றில் தண்டோடு தண்டு உரசும் சத்தம் கேட்கும். அந்தக் குசினி இடிந்த வீட்டுப் பாட்டி போன வருஷம் எங்களிடம் ஒரு கன்று கேட்டார்கள். நம்ப முடியவில்லை. "அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரலைங்க ஐயா, இந்தத் தடவ எடத்த நான் காட்டுறேன்" என்றார்கள். ஓடைக்கு அந்தப் பக்கம், வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, அவர்களே கோல் நட்டுக் காட்டினார்கள். நாங்கள் குழி வெட்டினோம். இந்த மழைக்கு மூன்று குருத்து வந்திருக்கிறது.

கன்று வேண்டியவர்கள் பிள்ளைமடுவத்தில் பேர் கொடுங்கள். நடுகிற இடத்தை நாங்கள் வந்து பார்த்த பிறகுதான் கன்று தருவோம்.