செய்யறிவும் நம் தேர்வறிவும்

(இராசிங்காபுரத்தில் ஆற்றிய உரை)



2022 நவம்பர் இறுதியில் சாட்சிபிடி வெளிவந்தது. அடுத்த ஆண்டில் கூகுளின் செமினியும் ஆந்திரோபிக்கின் கிளாடும் வந்தன. இவற்றுள் எது சிறந்தது என நம் இளைஞர் வினவுகின்றனர்.

மடல் வரைதற்கும், ஆங்கில ஆவணத்தின் பொருளைத் தமிழில் அறிதற்கும் மூன்றுமே உதவும். ஒரே வினாவை மூன்றிடத்தும் நல்ல தமிழில் கேளுங்கள். எது நம் சொல்லைப் பிழையற உணர்கின்றது, எது 'அறியேன்' என நாணாது ஒப்புகின்றது என நோக்குங்கள். அதுவே தேர்வு.

ஆனால், போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் பேணும் நம்மூரார் ஒருவர், மழைக்காலத்தில் காயழுகல் கண்டு மருந்தின் அளவைக் கேட்டால்? மூன்றும் ஒரே விடை கூறினும் அது மெய்யாகிவிடாது. ஏறத்தாழ ஒத்த எழுத்துப் பரப்பையே மூன்றும் பயின்றுள்ளன. ஒரே ஏட்டைப் பார்த்தெழுதிய மூன்று மாணவர் பிழையிலும் ஒன்றுபடுவர் அல்லரோ? பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்தாரிடம் கேட்டு உறுதி செய்க. நிலம் விற்றலும், மகட்கொடையும், நோய்க்கு மருந்துண்டலும் அவ்வாறே. விளைவைக் கருவி சுமவாது, நாமே சுமப்போம்.

மற்றொன்று. அவை மாந்தர் எழுதியவற்றிலிருந்தே தமிழ் கற்கின்றன. நாம் கலந்தெழுதின் அவையும் கலந்தே பேசும். ஆகவே நல்ல தமிழில் எழுதிக் குவிப்போம்!