கடல் கடக்கும் முன் காக்க வேண்டிய உரிமை

 

சிறுதொழில் நடத்தும் ஒருவருக்கு நிலமும் கட்டடமும் மிகுதியாக இருப்பதில்லை. பொருளின் பெயர், வடிவம், செய்முறை ஆகிய மூன்றுமே அவருடைய மெய்யான முதல். தேங்காய் துருவும் கருவி ஒன்றைப் புதிதாக வடிவமைத்தவர், செலவு குறையும் என்று கருதி அதன் வரைபடத்தைச் சீனத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவதாகக் கொள்வோம். அன்றே அவர் தம் முதல் முழுவதையும் அயலார் கையில் ஒப்படைத்தவராகின்றார்.

'இந்தியாவில் பதிவு செய்தாயிற்றே, அது போதாதா?' என்று பலரும் வினவுவர். போதாது. வணிகக் குறி, வடிவமைப்பு, காப்புரிமை ஆகிய பதிவுகள் அவற்றை வழங்கிய நாட்டின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். இந்தியச் சட்டம் ஒரு பெயரை முன்னரே பயன்படுத்தியவரை மதிக்கின்றது. சீனத்திலோ முதலில் விண்ணப்பித்தவருக்கே பொதுவாக உரிமை கிட்டுகின்றது. தொழிற்சாலைக்காரரோ இடைத்தரகரோ அப்பெயரை அங்கே பதிந்துகொண்டால், உரியவரின் சரக்கே துறைமுகத்தில் தடைபடலாம். ஏனெனில், சீனச் சுங்கத்துறை ஏற்றுமதிச் சரக்கையும் சோதிக்கின்றது. ஏற்றுமதிக்காக மட்டுமே செய்யப்பட்ட பொருளும் குறி மீறலாகக்கூடும் என்பதை, ஹோண்டா நிறுவனத்தின் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது.

பெரிய நிறுவனங்களும் இதில் இடறியதுண்டு. ஐபேட் என்னும் பெயரை ஆப்பிள் நிறுவனத்தின் சார்பில் 2009இல் விலைக்கு வாங்கினர். ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது தைவான் நிறுவனம். சீனத்துப் பதிவோ அதனைச் சார்ந்த ஷென்சென் நிறுவனத்தின் பெயரில் இருந்தது. முடிவில், 2012இல் 6 கோடி டாலர் கொடுத்தே வழக்கைத் தீர்க்க நேர்ந்தது. ஆப்பிள் தாங்கிக்கொண்டது, சிறுதொழில் தாங்குமா?

ஆகவே, வரைபடம் கைமாறும் முன்பே செய்ய வேண்டியவை சில உள்ளன.

முதலாவது, பெயர். 2013இல் இந்தியா மாட்ரிட் நெறிமுறையில் இணைந்தது. ஆதலால், இந்திய அலுவலகத்தின் வழியாகவே சீனத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம். சீன எழுத்திலும் ஒரு பெயரைத் தேர்ந்து பதிவது நன்று.

இரண்டாவது, வடிவமும் புத்தாக்கமும். கண்காட்சியில் வைத்துவிட்டுப் பின்னர் விண்ணப்பித்தால் புதுமை இழந்ததாகிவிடலாம். முதலில் இந்தியாவில் விண்ணப்பித்து, வடிவமைப்பிற்கு 6 மாதத்திற்குள்ளும், காப்புரிமைக்கு 12 மாதத்திற்குள்ளும் சீனத்தில் விண்ணப்பித்தால் முதல் நாளின் முன்னுரிமை கிடைக்கும். இந்தியாவில் வசிப்பவர் முன் அனுமதி பெறாமலோ, இங்கே விண்ணப்பித்து 6 வாரம் கழியாமலோ வெளிநாட்டில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தல் கூடாது என்பதும் நினைவிற்குரியது.

மூன்றாவது, ஒப்பந்தம். இரகசியம் காத்தல் மட்டும் போதாது. வரைபடத்தைத் தமக்கெனப் பயன்படுத்தலாகாது, வாடிக்கையாளரை நேரே அணுகலாகாது என்பனவும் அதில் இடம்பெற வேண்டும். அது சீன மொழியில், சீன நீதிமன்றத்தில் செல்லத்தக்கதாக, மீறினால் செலுத்த வேண்டிய தொகையைக் குறிப்பிட்டு அமைதல் வேண்டும். இந்தியத் தீர்ப்பை அங்கே நிறைவேற்றுவது எளிதன்று. தொழிற்சாலையின் பதிவுபெற்ற சீனப் பெயரும் அதிகாரமுறை முத்திரையும் இன்றியமையாதவை.

நான்காவது, வார்ப்பச்சு. பணம் கொடுத்தவர்க்கே அச்சு உரியது என்பதும், கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும் என்பதும் எழுத்தில் இருத்தல் வேண்டும். இயலுமாயின், உறுப்புகளை இரு தொழிற்சாலைகளில் பிரித்துச் செய்வித்து, இறுதி இணைப்பைத் தம் கையில் வைத்துக்கொள்வது அறிவுடைமை.

இவற்றிற்குச் செலவு உண்டு, காலமும் ஆகும். ஆயினும், தந்தை வளர்த்த பெயரை மக்கள் அயலாரிடம் விலைக்கு வாங்கும் நிலை நேருமாயின், அவ்விழப்பிற்கு அளவில்லை. பூட்டுப் போட்ட பின்னரே சாவியைப் பிறரிடம் கொடுத்தல் வேண்டும்.