ஆங்கில வாக்கியத்தைத் திருத்துவது எப்படி?



திருச்சிராப்பள்ளியில் படிக்கும் மாணவர் ஒருவர் மலைக்கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'ஸ்டாண்டிங் ஆன் தி காவேரி பிரிட்ஜ், தி ராக்ஃபோர்ட் லுக்ஸ் ஸ்மால்' என்று தொடங்குகிறார். எழுத்துப் பிழை இல்லை. காலப் பிழையும் இல்லை. ஆயினும் ஆங்கிலம் நன்கறிந்தவர் இதைக் கேட்டால் சிரிப்பார். காவிரிப் பாலத்தின்மேல் மலைக்கோட்டை ஏறி நிற்கிறது என்பதன்றோ இதன் பொருள்! உச்சிப் பிள்ளையார் பாடு என்னாவது?

இப்பிழை அறியாமையால் வந்ததன்று, தமிழிலிருந்து வந்தது. 'பாலத்தில் நின்று பார்த்தால் மலைக்கோட்டை சிறியதாகத் தெரியும்' என்பது குற்றமற்ற தமிழ் வாக்கியம். பார்ப்பவர் யார் என்று நாம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. 'பார்த்தால்' என்னும் எச்சம் வேறோர் எழுவாயின் வினையைக் கொண்டும் முடியலாம் என்று நம் இலக்கணம் இடந்தருகிறது. 'நின்று', 'வந்து' முதலிய 'செய்து' என்னும் வாய்பாட்டு எச்சங்களுக்கு அவ்வுரிமை இல்லை. நின்றவர் எவரோ அவருடைய வினையே பின்னும் வர வேண்டும். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்பது போல வழக்கில் வருவனவற்றுக்கு இலக்கண ஆசிரியர்கள் தனியே அமைதி கூறியிருக்கிறார்கள். ஆங்கிலத்தின் 'ஸ்டாண்டிங்' நம்முடைய 'நின்று' போன்றது, 'பார்த்தால்' போன்றதன்று. நன்னூலில் வினையெச்சப் பகுதியைக் கருத்தோடு படித்த மாணவருக்கு இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். 'சீன் ஃப்ரம் தி காவேரி பிரிட்ஜ்' என்று தொடங்கிவிட்டால், காணப்படுவது கோட்டையே ஆதலால், வாக்கியம் நேராகிவிடும்.

ஆங்கிலப் பிழைக்குத் தமிழ் இலக்கணம் மருந்தாகுமா என்று கேட்பவர் உண்டு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் நான். பல இடங்களில் அதுவே நல்ல மருந்து என்பேன். 'ஐ ஆம் நோயிங் ஹிம் சின்ஸ் டென் இயர்ஸ்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். 'பத்து ஆண்டுகளாக' என்றும் '2015 முதல்' என்றும் தமிழில் நாம் வேறுபடுத்தியே பேசுகிறோம். எவரும் 'பத்து ஆண்டுகள் முதல்' என்று சொல்வதில்லை. நம்முடைய 'ஆக' வருமிடத்தில் அவர்களுடைய 'ஃபார்'. நம்முடைய 'முதல்' வருமிடத்தில் அவர்களுடைய 'சின்ஸ்'. வேற்றுமை நம் நாவிலேயே இருக்கிறது. அதை எழுத்தில் மறந்துவிடுகிறோம். 'நோயிங்' என்பது இன்னொரு பிழை. 'ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்' என்பதே சரி.

'டிஸ்கஸ்' என்பதற்குள்ளேயே 'பற்றி' அடங்கியிருப்பதால் 'அபௌட்' வேண்டா. 'ரிட்டர்ன்' என்றபின் 'பேக்' வேண்டா. இவற்றை நீங்களே அறிவீர்கள். ஆனால் 'கசின் பிரதர்' என்று எழுதிய மாணவரை நான் கடிந்ததில்லை. அத்தை மகன், மாமன் மகள் என்று உறவைப் பிரித்துப் பேசி வளர்ந்த பிள்ளைக்கு வெறும் 'கசின்' போதவில்லை. தேர்வில் அடித்துவிடலாம், ஏளனம் செய்வதற்கில்லை. 'ப்ரிபோன்' என்னும் சொல்லையும் நம் நாட்டார் பிழை என்று பலர் நகைத்தனர். இன்று அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இடம்பெற்றுவிட்டது!

எனக்குக் கவலை தருபவை வேறு வகைப் பிழைகள். என் பணிக்காலத்தில் ஒரு பள்ளியிலிருந்து உதவித்தொகை அலுவலகத்துக்கு ஒரு கடிதம் சென்றது. 14 மாணவர்களில் 2 பேர் மட்டும் வருமானச் சான்றிதழ் தரவில்லை. அதைத் தெரிவிக்க எண்ணியவர், 'ஆல் தி பாய்ஸ் ஹேவ் நாட் சப்மிட்டட் தி சர்டிஃபிகேட்' என்று எழுதிவிட்டார். 'எல்லாரும் தரவில்லை' என்னும் தமிழின் நேர் பெயர்ப்பு அது. தமிழிலும் அது இருபொருள் படும். பேசும்போது குரல் விளக்கிவிடும். காகிதத்துக்குக் குரல் ஏது? ஒருவரும் தரவில்லை என்றே அலுவலகம் கொண்டது. பதினால்வருக்கும் தொகை நின்றது. உறையூர்த் தறித் தொழிலாளி ஒருவர் தம் மகனுக்காக வட்டிக்குக் கடன் வாங்கினார். அவர் மகன் சான்றிதழை முதல் நாளே கொடுத்திருந்தான். '12 பேர் கொடுத்தார்கள், 2 பேர் கொடுக்கவில்லை' என்று எண்ணிக்கையை எழுதியிருந்தால் இலக்கணமே வேண்டியிருந்திராது.

இவ்வகை வாக்கியத்தைச் சிவப்பு மை கொண்டு திருத்திவிட முடியாது. 'நீ சொல்ல வந்தது என்ன?' என்று எழுதியவரைக் கேட்டறிந்த பின்னரே பேனாவைத் தொட வேண்டும். இன்று கைப்பேசியே நம் ஆங்கிலத்தைத் திருத்தித் தருகிறது. நல்லதுதான், ஆயினும் 14 பேரில் எத்தனை பேர் சான்றிதழ் தந்தனர் என்பது அதற்குத் தெரியாது.

பிறர் எழுத்தைத் திருத்துபவருடைய எல்லை எது என்பதற்கு நம் காவிரிக் கரையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1869-ல் கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் பிறந்தவர் மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்து, பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரானவர். அவருடைய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே வியந்து போற்றினர். காந்தியடிகள் குஜராத்தியில் எழுதிய சத்திய சோதனையை மகாதேவ தேசாய் ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1940-ல் வந்த திருத்திய பதிப்பின் முன்னுரையில் தேசாய் ஒரு செய்தி சொல்கிறார்: ஆங்கிலப் புலமையில் பெயர்பெற்ற பெரியார் ஒருவர் மொழிபெயர்ப்பைக் கவனமாகத் திருத்தித் தந்தார், தம் பெயரை எக்காரணம் கொண்டும் வெளியிடலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. அப்பெரியார் சாஸ்திரியாரே என்பது பின்னர் யாவர்க்கும் தெரிந்தது.

சாஸ்திரியார் மிதவாதி. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்தை அவர் ஏற்கவில்லை. வெளிப்படையாகவே மறுத்துப் பேசினார். அப்படிப்பட்டவர் அந்த நூலைக் கையில் எடுத்து, தம் கருத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஆசிரியர் கருத்தைத் தெளிவுறச் சொல்லும் மொழியை மட்டும் செப்பனிட்டார். ஆங்கிலம் கற்பதோடு இந்த அடக்கத்தையும் கற்பது கடினம். பிறர் கட்டுரையைத் திருத்தும்போது நமக்குப் பிடித்த சொற்களையெல்லாம் அதில் புகுத்திவிட்டு அதைத் திருத்தம் என்று அழைக்கும் ஆசிரியர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது. ஒரே ஒரு பயிற்சி தருகிறேன். 'ராமன் டோல்ட் கோவிந்தன் தட் ஹி ஹேட் பாஸ்ட்.' தேறியவர் யார்? முதலில் இதைத் தமிழில் 'தான்' என்று வைத்து ஒருமுறையும் 'அவன்' என்று வைத்து ஒருமுறையும் எழுதுங்கள். பிறகு அந்த இரண்டு செய்திகளையும், ஐயத்துக்கு இடமின்றி, இரண்டு ஆங்கில வாக்கியங்களாக எழுதிப் பாருங்கள்.