பழத்தின் புகழும் போத்தலின் பொய்யும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)





நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வைத்தியசாலைக்குப் போகிறவர் வெறுங்கையோடு போவதில்லை. தோடம்பழமோ, சத்துமா ரின்னோ, பழரசப் போத்தலோ கையில் இருக்கும். வாங்கியவர் அதைச் சோதித்துப் பார்த்தவரல்லர். மேலே ஒட்டிய லேபிளை வாசித்தார், நம்பினார், பணத்தைக் கொடுத்தார். அன்றாடக் கூலியில் மிச்சம் பிடித்த பணமாகவும் அது இருக்கலாம். அந்த நம்பிக்கையைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம்.

முதலில் ஒரு கதை, நடந்த கதை. 1938 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகரிலே றைபீனா என்னும் பானம் தோன்றியது. பிளாக்கரன்ற் என்னும் சிறிய கரும்பழத்தின் சாற்றிலிருந்து செய்யப்படுவது அது. மறு ஆண்டு உலகப்போர் மூண்டது. கப்பல்கள் வருவது அரிதாகித் தோடம்பழம் கிடைக்காமற் போயிற்று. விற்றமின் சி குறைந்தால் முரசு வீங்கி இரத்தம் கசியும். அக்குறை நேராதிருக்கப் பிளாக்கரன்ற் பாணி பிரித்தானியக் குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. ஒரு தலைமுறை அதைக் குடித்து வளர்ந்தது. அப்பானத்தின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை விளம்பரத்தால் வந்ததன்று; பயனால் வந்தது.

இனி, 2004 ஆம் ஆண்டுக்கும் நியூசிலாந்து தேசத்துக்கும் வருவோம். ஓக்லாந்து நகரில் 14 வயதுப் பாடசாலை மாணவிகள் இருவர் விஞ்ஞானப் பாடத்துக்காகப் பழபானங்கள் சிலவற்றில் விற்றமின் சி எவ்வளவு என்று அளந்தார்கள். மலிவான பானத்திற் சத்துக் குறைவாயிருக்கும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. முடிவோ தலைகீழாயிற்று. குடிப்பதற்கு ஆயத்தமாக அடைத்து விற்ற றைபீனாவில் அச்சத்து இல்லையென்றே சொல்லும்படி இருந்தது. கம்பனிக்கு அறிவித்தார்கள்; தக்க பதில் இல்லை. அவர்கள் சோர்ந்துவிடவில்லை. தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் வாயிலாக விடயம் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழுவை எட்டியது. ஆணைக்குழு சோதித்தபோதும் அதிற் கண்டறியத்தக்க விற்றமின் சி இருக்கவில்லை. லேபிளிலோ 100 மில்லிலீற்றருக்கு 7 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தது! 2007 மார்ச் மாதத்தில், அந்நாளில் உரிமையாளராயிருந்த கிளக்சோ சிமித்கிளைன் கம்பனி 15 குற்றச்சாட்டுகளை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. இரண்டு இலட்சம் நியூசிலாந்து டொலருக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. பத்திரிகைகளில் திருத்த விளம்பரம் வெளியிடும்படியும் கட்டளையாயிற்று.

அன்பர்களே, இக்கதையில் நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிளாக்கரன்றில் தோடம்பழத்தைக் காட்டிலும் நான்கு மடங்கு விற்றமின் சி உண்டு என்பது கம்பனியின் விளம்பரம். பழத்தைப் பொறுத்தமட்டில் அது குறைகூற முடியாத பேச்சு. ஆனால், விற்றமின் சி சூட்டினாலும் காற்றினாலும் நாட்பட்டிருப்பதனாலும் அழியும் இயல்புடையது. வாங்குபவர் காசு கொடுத்தது செடியிலிருந்த பழத்துக்கா, கையிலிருக்கும் போத்தலுக்கா? பழத்தின் புகழைப் பாடிப் போத்தலை விற்பது, சொல்லால் மெய்யும் பொருளாற் பொய்யுமான ஒரு தந்திரம். வாய்மைக்கு இலக்கணம் கூற வந்த வள்ளுவர், உள்ளதைச் சொல்லுதல் என்று கூறி நிறுத்தவில்லை. பிறருக்குத் தீங்கு பயக்காத சொல்லையே வாய்மை என்றார். அந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தால் இத்தகைய லேபிள் தேறுமா?

நம் நாட்டில் அரசு ஒரு நற்காரியம் செய்திருக்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் குளிர்பானங்களில் சீனியின் அளவை நிறத்தாற் காட்டவேண்டுமென்பது சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். எழுத்தறியாத பாட்டியும் இதனைக் கண்டுகொள்ளலாம். 100 மில்லிலீற்றருக்கு 11 கிராம் கொண்ட பானத்தில் 300 மில்லிலீற்றர் குடித்தால் 33 கிராம் சீனி, அதாவது ஏறக்குறைய எட்டுத் தேக்கரண்டி, வயிற்றுக்குட் போகிறது. ஆயினும், அந்நிறம் சீனியை மாத்திரமே சொல்லும். முன்புறத்திற் கொட்டை எழுத்தில் உள்ள ஏனைய புகழுரைகள் மெய்யோ பொய்யோ என்பதற்கு அது சாட்சியன்று. பச்சை நிறம் கண்டவுடன் மருந்தென்று மயங்குதலும் தவறு.

பிறநாட்டுக் கம்பனியைப் பழித்துவிட்டு நாம் கைகழுவிக்கொள்ளலாகாது. நம்மவர் வீட்டில் அடைத்து விற்கும் குரக்கன்மாப் பைக்கற்றையும் முருங்கையிலைத் தூளையும் எடுத்துப் பாருங்கள். சிலவற்றிலே “நீரிழிவு தீரும்” என்று எழுதியிருக்கக் காண்கிறோம். குரக்கன் நல்ல தானியந்தான். முருங்கை நல்ல இலைதான். ஆனால், அந்த வரியை நம்பி ஒரு தாய் தன் குளிசையை நிறுத்திவிட்டால், அதற்குப் பொறுப்பாளி யார்? எழுதியவர் நம் அயலவர் என்பதற்காகப் பொய் மெய்யாகிவிடுமா?

ஆகவே, நம் சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள்கள். ஒன்று, எந்தப் பொருளையும் வாங்குமுன் முன்புறத்தை விட்டுப் பின்புறத்தை வாசிப்போம். கண்பார்வை குன்றிய பெரியோருக்கு வாசித்தும் காட்டுவோம். இரண்டு, ஐயம் தோன்றினாற் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அஞ்சாது முறையிடுவோம். மூன்று, நம் விழாக்களில் நாமே விற்கும் பொருளில் உள்ளதை மாத்திரமே எழுதுவோம்.

அந்த மாணவியர் இருவரிடமும் செல்வமில்லை, பதவியில்லை. பாடசாலை ஆய்வுகூடமும், கண்டதைச் சொல்லும் துணிவுமே இருந்தன. அவ்வளவும் நம்மிடமும் உண்டு. போர்க்காலத்தில் ஒரு குழந்தையின் நலத்தால் வந்த நம்பிக்கையை ஒரு பொய் வரி கெடுத்தது. நம்மை நம்பி வாங்குபவருக்கு அந்த நிலை நேராதிருக்கட்டும்.